சனிக்கிழமை மதியத்துக்குள்

வெள்ளகோவிலில் ரூபனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் வரும். குடிக்கமாட்டான், குரலை உயர்த்தமாட்டான், பெண்டாட்டியை ஒரு சொல் கடிந்து பேசமாட்டான். அவளுக்கு எது விருப்பமோ அதுதான் அவனுக்கும். இப்படியொரு புருசன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பொற்கொடியிடம் சொல்லாத பெண்கள் அந்தத் தெருவில் இல்லை. அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். ஆறு வருசமாக ஆட்டி ஆட்டிக் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம்.

அந்தத் திங்கட்கிழமை, ஆர்.எஸ்.புரத்துக் கிளினிக்கில் டாக்டர் ஹர்ஷிணியும் அவனை மெச்சினார்.

மெச்சுவதற்கு முன்னால் டாக்டர் ஒரு தடிமனான ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்க்கு மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, ரூபனுக்கு இரண்டு தடவை எடுத்த பரிசோதனை எல்லாம் அதில் இருந்தன. புரட்டி முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் எல்லாமே நார்மல். அப்புறம் ஏன் கரு தங்கலைன்னு கேட்டீங்கன்னா, எங்கிட்ட பதில் இல்லை. இப்படிச் சில பேருக்கு இருக்கும். காரணம் தெரியாதுன்னுதான் எழுதுவோம்."

நார்மல் என்ற வார்த்தையைப் பொற்கொடி நாலு ஆஸ்பத்திரிகளில் கேட்டுவிட்டாள். முதல் தடவை கேட்டபோது உச்சி குளிர்ந்துபோனது. இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வந்தது.

"இனி ரெண்டு வழி இருக்கு," என்றார் டாக்டர். "நேரா டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போயிடலாம். இல்லைன்னா அதுக்கு முன்னாடி லேப்ராஸ்கோபி பண்ணி உள்ளே ஒரு தடவை பார்த்துடலாம். மயக்கம் கொடுத்து, தொப்புள்கிட்ட சின்னதா ஒரு கீறல் போட்டு, கேமராவை விட்டுப் பார்ப்போம். ஸ்கேன்ல தெரியாத ஒட்டல், திட்டு ஏதாவது இருந்தா அப்பவே எடுத்துடலாம். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். அதை இப்பவே என்னால சொல்ல முடியாது."

"பண்ணித்தான் ஆகோணுங்களா?" என்று கேட்டாள் பொற்கொடி.

"ஆகணும்னு இல்லைம்மா. அதனாலதான் உங்களைக் கேட்கிறேன்."

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். பொற்கொடி ரூபனைப் பார்த்தாள். ரூபன் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து பதில் சொல்கிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அவ இஷ்டமுங்க டாக்டர். அவ ஒடம்புங்க. அவ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதமுங்க."

"இப்படிச் சொல்ற ஹஸ்பண்டை நான் மாசத்துக்கு ஒருத்தரைக்கூடப் பார்க்கிறதில்லை," என்று டாக்டர் மெச்சியது அப்போதுதான். "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் புதன்கிழமை சரியா இருக்கும். உங்க நாள் கணக்குக்கும் ஒத்துவருது. நல்லா யோசிச்சு, சனிக்கிழமை மதியத்துக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடுங்க. இல்லைன்னா அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க."

ரூபன் பேசியதில் தப்பு என்று எதைச் சொல்ல முடியும்? உடம்பு அவளுடையதுதான். மயக்க ஊசியும் கீறலும் அவளுக்குத்தான். அப்படியானால் பிள்ளை? அதுவும் அவளுடையது மட்டும்தானா? இதை அங்கேயே கேட்டிருக்கலாம். ஆனால் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனுசனை டாக்டர் முன்னால் எப்படிக் கேட்பது? ஃபைலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

திரும்பி வரும்போது ரூபன் பல்லடத்தில் வண்டியை நிறுத்தி அவளுக்குச் சர்க்கரை குறைச்சலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். தலை வலிக்குதா என்று கேட்டான். ஜன்னலை ஏற்றிவிடட்டுமா என்றான். காங்கயத்தில் பூ வாங்கினான். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டான்.

அவன் பிழைப்பே கேமராதான். ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேமராவை இறக்கிப் பார்க்கிற வேலை. ஆம்னி வேனின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே ஆயிரத்து இருநூறு அடிக் கேபிள் சுற்றிய உருளையும் ஒரு டிவியும் வைத்திருக்கிறான். போரில் தண்ணீர் நின்றுபோனாலோ, மோட்டார் சிக்கிக்கொண்டாலோ, பைப் உடைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலோ, தாராபுரம், மூலனூர், முத்தூர் சுற்றுவட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கு எரிகிற கேமரா கீழே கீழே போகும். டிவியின் மூலையில் எத்தனை அடி என்று எண் ஓடும். நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரரும் அவர் சொந்தபந்தமும் துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு டிவியையே பார்ப்பார்கள். பாறை, பாறை, அப்புறம் மறுபடியும் பாறை.

பார்த்து முடித்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். இன்னும் ஆழமாகத் துளை ஓட்டலாமா, இதோடு விட்டுவிடலாமா? அதற்கு ரூபன் சொல்வதும் ஒரே பதில்தான். "இருக்கறதைக் காட்டிப்போட்டனுங்க. இனி உங்க இஷ்டமுங்க."

தொழிலுக்கு வந்த புதிதில் அவன் இப்படி இல்லை. கன்னிவாடிப் பக்கம் ஒருவரிடம், இன்னும் நூறடி போனால் தண்ணீர் நிச்சயம் என்று அடித்துச் சொன்னான். அவர் நம்பி, இருநூறடி ஓட்டினார். தண்ணீர் வரவில்லை, பாறைத்தூள் புகைதான் வந்தது. அந்த மனுசன் இவனைத் திட்டவில்லை. உட்காரவைத்து மோர் கொடுத்து, "வெயிலுக்குள்ள போறீங்க, பார்த்துப் போங்க தம்பி" என்று அனுப்பிவைத்தார். திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். அந்த மோரை அவனால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டான். அதை மரியாதை என்று ஊர் எடுத்துக்கொண்டது. போகப்போக அவனும் அப்படியே நம்பிவிட்டான். காட்டில் பழகியது வீட்டுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது.

பொற்கொடிக்கு இதெல்லாம் தெரியும். வண்டியில் எழுதியிருக்கிற போன் நம்பரே அவளுடையதுதான். வேலை பேசுவது, நாள் குறிப்பது, எடுத்த வீடியோவில் தேவையில்லாததை வெட்டிவிட்டுக் காட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புவது எல்லாம் அவள்தான். முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பாறைச் சுவரை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பாள். வீடியோவை அனுப்பிய பிறகு சில பேர் கூப்பிடுவார்கள். "ஒண்ணுமே இல்லீங்களா அம்மணி? நல்லாப் பார்த்தீங்களா?" என்று கேட்கும்போது சிலருக்குக் குரல் உடைந்துவிடும். சிலர் மட்டும், "செரி, இனி ராத்திரிக்குத் தூங்கலாமுங்க" என்பார்கள். உள்ளே பார்த்து, ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் தான் இதில் எந்தச் சாதி என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்றுதான் மனசு சொன்னது. மயக்க ஊசியை நினைத்தால் வேண்டாம் என்று தோன்றியது. ஏதாவது இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம், ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் ஒருத்தியே முழித்தாள்.

செவ்வாய்க்கிழமை மாமியார் சாமியாத்தாளிடம் சொன்னாள். சாமியாத்தாள் முறத்தில் பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாஞ் சொல்றதுக்கு என்ன கண்ணு இருக்குது? படிச்ச புள்ளை நீ. உனக்கு எது செரின்னு படுதோ அதைச் செய்யி. நாங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம்."

"உங்களுக்கு என்ன தோணுதுங்க அத்தை?"

"எனக்குத் தோணி என்ன ஆகோணும்? நீ நல்லா இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டு மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். கதைகளில் வருகிற மாமியார்கள் மலடி என்று ஏசுவார்கள், மகனுக்கு வேறு பெண் பார்ப்பார்கள். அப்படி ஒருத்தி வாய்த்திருந்தால் எதிர்த்துப் பேசவாவது ஆள் இருந்திருக்கும். இந்த வீட்டில் சண்டை போடுவதற்குக்கூடத் துணை கிடையாது.

புதன்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா தொண்டாமுத்தூரில் அண்ணனோடு இருந்தாள். முந்தின நாள் யானை காட்டுக்குள் வந்து வாழையை மிதித்துவிட்டதைப் பற்றிப் பத்து நிமிசம் விலாவாரியாகச் சொன்னாள். எத்தனை யானை, எந்தப் பக்கமாக வந்தது, யார் முதலில் பட்டாசு வெடித்தார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. பொற்கொடி தன் விசயத்தைச் சொன்னதும் பேச்சு சட்டென்று சுருங்கிப்போனது.

"உங்க ஊட்டுல என்ன சொல்றாங்க?"

"என்ற இஷ்டம்னு சொல்றாங்கம்மா."

"அவங்க பெருந்தன்மை, அப்படித்தான் சொல்லுவாங்க. நீ அவங்க மனசு தெரிஞ்சு நடந்துக்கோணும். அவங்களைக் கேட்காம நாங்க ஒண்ணும் சொல்லக்கூடாது பாரு. கட்டிக்கொடுத்தாச்சு."

இந்த வீட்டில் அவள் இஷ்டம், அந்த வீட்டில் இவர்கள் இஷ்டம். போனை வைத்துவிட்டுப் பொற்கொடி சமையலறையில் நின்று அழுதாள். பெரிதாக ஒன்றும் இல்லை, குக்கர் மூன்று விசில் அடிக்கிற நேரம்தான். யாராவது ஒருத்தர், பண்ணு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. அது தப்பான வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை. பின்னால் ஏதாவது ஆனால் பாதியையாவது அவர்கள் தலையில் போடலாம் அல்லவா? எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி கையைக் கழுவிக்கொண்டார்கள், அதையும் அன்பாகவே கழுவிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பொழுதுசாய ஒரு போன் வந்தது. மூலனூரிலிருந்து அழகிரிசாமி என்ற காட்டுக்காரர். போன மாதம் அவர் தோட்டத்துப் போரில் ரூபன் கேமரா இறக்கியிருந்தான். அந்த வீடியோ தொலைந்துவிட்டது, மறுபடியும் அனுப்ப வேண்டும் என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைக்கப்போனாள்.

"உங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க அம்மணி. அவரு சொன்னாப்புடியே போரை மூடிப்போட்டேன். மனசு நிம்மதியா இருக்குது."

"அவரு சொன்னாருங்களா?" என்றாள் பொற்கொடி. "அவரு யாருக்கும் அப்படிச் சொல்லமாட்டாருங்களே."

அழகிரிசாமி சிரித்தார். "எங்க சொன்னாரு? உங்க இஷ்டமுங்க, உங்க இஷ்டமுங்கன்னு அதையேதான் சொல்லிட்டு இருந்தாரு. நான் வண்டிச் சாவியைப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டேன். இது உன்ற காடா இருந்தா என்ன பண்ணுவே, அதைச் சொல்லிப்போட்டு வண்டியை எடு தம்பின்னேன். அரை மணி நேரம் அந்த வேப்ப மரத்தையே பார்த்துட்டு நின்னாரு. அப்பறம், என்ற காடா இருந்தா மூடிருவனுங்க மாமான்னாரு. நல்ல மனுசன்."

வீடியோவை அனுப்பிவிட்டுப் பொற்கொடி கம்ப்யூட்டரை அணைத்தாள். அவனுக்கு ஒரு எண்ணமும் இல்லை, பாவம், அவனுக்கும் தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இல்லை, எண்ணம் இருக்கிறது. மூலனூர்க்காரர் பிடுங்கிக் கேட்டதும் கொடுத்திருக்கிறான். முன்பின் தெரியாத மனுசனுக்குக் கிடைத்தது ஆறு வருசம் கூடப் படுத்து எழுந்தவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்த அழகிரிசாமி மேல் பொறாமையாகவும் இருந்தது. சொன்னால் யாராவது சிரிப்பார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரூபன் சட்டை மாட்டிக்கொண்டு, ஆணியில் சாவியைத் தேடினான். சாமியாத்தாள் சந்தைக்குப் போயிருந்தாள்.

"ஏம்மணி, வண்டிச் சாவியைப் பார்த்தயா?"

"எங்கிட்டத்தான் இருக்குதுங்க."

"கொடு, முத்தூர் வரைக்கும் போகோணும். பத்து மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்கறேன்."

"சொல்லிப்போட்டுப் போங்க," என்றாள் பொற்கொடி. அவள் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் உள்ளங்கைக்குள் இருந்தது.

"என்னத்தைச் சொல்றது?"

"பண்ணலாமா, வேண்டாமா? பன்னெண்டு மணிக்குள்ள நான் போன் பண்ணோணுங்க."

"அதான் சொன்னனே அம்மணி, உன்ற இஷ்டம்."

"என்ற இஷ்டம் எனக்குத் தெரியுமுங்க. உங்க இஷ்டம் என்னன்னு கேட்கறேன்."

ரூபன் அவளைப் பார்த்தான். அப்புறம் வாசலைப் பார்த்தான். வேப்ப மரம் எதுவும் அங்கே இல்லை, எதிர்வீட்டு கேட்தான் இருந்தது. முத்தூர்க்காரர் காத்திருப்பார் என்று முனகினான். அவள் அசையவில்லை. கடைசியில் வாசற்படியில் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"வேண்டாம்," என்றான்.

பொற்கொடிக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். இதை அவளே எதிர்பார்க்கவில்லை. ஆறு வருசத்தில் முதல் தடவையாக இந்த விசயத்துக்குள் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நாற்காலியைவிட்டு எழுந்து படிக்கட்டில் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க வேண்டாம்?"

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? காரணம் தெரியலை. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். காரணம் தெரியாதவரைக்கும் அது உன்ற மேலயும் இல்லை, என்ற மேலயும் இல்லை. பொதுவா இருக்குது. உள்ள போய்ப் பார்த்து, இதுதான் கொறைன்னு ஒண்ணைக் காட்டிப்போட்டாங்கன்னு வெய்யி. அப்பறம் அது உன்ற மேலதான்னு ஆயிருமல்ல? ஒரம்பரை, சொந்தபந்தம் சும்மா இருக்குமா? உன்னைய யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாதுன்னுதான் அம்மணி நான் பேசாம இருந்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மனுசன் இவ்வளவு யோசித்திருக்கிறானே என்று நெகிழ்ந்தும் போனாள். அந்த நெகிழ்ச்சியோடு அவன் தோளில் சாய்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் மாட்டிக்கொண்டு கீழே இறங்க மறுத்தது.

"பொதுவாவா இருக்குது?" என்று கேட்டாள்.

"பின்ன?"

"போன தை மாசம் மாசமா இருந்த உங்க சித்தப்பா மகளுக்குக் கட்டுச்சோறு விருந்து போட்டாங்களே, கல்யாண மண்டபத்துல. ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது. அதுக்கென்ன?"

"நானும் மத்த பொம்பளைங்களாட்டம் சந்தனம் பூசி வளையல் போடலாம்னு வரிசையில நின்னனுங்க. தட்டு எங்கைக்கு வந்துச்சு. உங்க பெரியம்மா பக்கத்துல வந்து, மெதுவா அந்தத் தட்டை வாங்கிக்கிட்டாங்க. வாங்கிக்கிட்டு, 'நீ போய்ச் சாப்பிடு கண்ணு, பசியோட இருப்பே'ன்னாங்க."

"பெரியம்மா எப்பவுமே எல்லாரையும் சாப்பிடத்தான் சொல்லும்."

"மணி பத்துங்க அப்ப. பந்தியில எலையே போடலை." பொற்கொடி கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சாப்பிடப் போறேன்னு கிளம்பிப்போட்டு, திரும்பி வந்து நிக்க முடியுமுங்களா? கீழ போய் வெறும் மேசை முன்னால முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சமையக்காரங்க ரெண்டு தடவை வந்து, என்ன வேணுமுங்கன்னு கேட்டாங்க. தண்ணி வேணும்னேன். ரெண்டு தடவையும் தண்ணி குடிச்சேன்."

ரூபன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளிய... மாமாகூடப் பேசிட்டு இருந்தேன்."

"உங்களை யாராவது வந்து, போய்ச் சாப்பிடுங்கன்னு சொன்னாங்களா?"

"இல்லை."

"அது மாதிரி ஒரு தடவை இல்லீங்க. எத்தனை சொல்றது? பொதுவா இருக்குது, பொதுவா இருக்குதுன்னு நீங்க நெனைச்சுட்டு இருக்கறீங்க. ஆறு வருசமா எம்மேலதான் இருக்குது. நீங்க பார்க்கலை."

அழுதுவிடுவோம் என்று பயந்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சில் மாட்டியிருந்தது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். வேண்டாம் என்று அவன் சொன்ன பிறகுதான், வேண்டும் என்று தன்னால் சொல்ல முடிந்தது என்பதும் அவளுக்கு விளங்கியது. இஷ்டம், இஷ்டம் என்று எல்லாரும் கையில் திணித்தபோது அது கல்லாகக் கனத்தது. எதிரில் ஒருத்தன் நின்று மறுத்ததும் அது அவளுடையதாகிவிட்டது.

"கொறை எங்கிட்ட இருந்தாலும் இருக்கட்டுமுங்க. அது இருக்கற எடம் எனக்குத் தெரியோணும். ஒண்ணுமே இல்லைன்னாலும் சரி, அதையும் பார்த்துப்போட்டே வாரேன். நான் பண்ணிக்கறேன்."

ரூபன் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். அவள் எழுந்து உள்ளே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். புதன்கிழமை வாரேனுங்க என்றாள். எடுத்த பெண், எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும், என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். கூட யார் இருப்பார்கள், கையெழுத்துப் போட ஒருத்தர் வேண்டும் என்றாள்.

"ஊட்டுக்காரரு வாராருங்க," என்றாள் பொற்கொடி. அவனைக் கேட்கவில்லை.

மணி பத்தாகியிருந்தது. முத்தூர்க்காரருக்கும் போன் போட்டு, அரை மணி தாமதம் என்று சொல்லி முடித்தாள். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்போதுதான் நாட்குறிப்பில் அந்தப் புதன்கிழமைக்கு ஒரு வேலை எழுதியிருந்தது கண்ணில் பட்டது. குண்டடம் நரசிம்மலு, எழுநூறடி போர். வழக்கமாக இந்த மாதிரி ஆஸ்பத்திரி நாள்களில் அவள்தான் கூப்பிட்டுச் சொல்வாள். கேமரா ரிப்பேருங்க, கேபிள் வாங்கக் கோயமுத்தூர் போறாருங்க, என்று ஏதாவது ஒன்று. அப்படி எத்தனை தடவை கேமரா ரிப்பேர் ஆகியிருக்கிறது என்று கணக்கெடுத்தால், அதைச் செய்த கம்பெனியையே இழுத்து மூட வேண்டியதுதான்.

இந்தத் தடவை நம்பரைப் போட்டு, அடித்துக்கொண்டிருந்த போனைக் கொண்டுபோய் ரூபன் கையில் கொடுத்தாள்.

"குண்டடத்துக்காரருங்க. அந்தப் புதன்கிழமை வர முடியாதுன்னு நீங்களே சொல்லிருங்க."

ரூபன் போனைக் காதில் வைத்தான். நரசிம்மலுவுக்குக் காட்டுக்குள் நின்று பேசிப் பழக்கம், பக்கத்தில் வந்து உட்கார்ந்த பொற்கொடிக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"சொல்லுங்க தம்பி! நல்லா இருக்கறீங்களா?"

"நல்லா இருக்கறனுங்க. அந்தப் புதன்கிழமை வர முடியாதுங்க. வியாழன் வாரேனுங்க."

"அட, அதுக்கென்னுங்க, மெதுவா வாங்க. ஏனுங்க தம்பி, வண்டியில ஏதாச்சும் கோளாறுங்களா?"

ரூபன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு ஆமாம்தான். அவன் தலையைத் தூக்கிப் பொற்கொடியைப் பார்த்தான்.

"இல்லீங்க," என்றான். "சம்சாரத்துக்கு ஆபரேசனுங்க."

"அய்யய்யோ, என்னாச்சுங்க?"

"கல்யாணமாகி ஆறு வருசமாச்சுங்க. கொழந்தை இல்லீங்க. அதுக்குத்தான் பார்க்கறாங்க."

ஊரில் யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் அவனைக் கேட்டதும் இல்லை. சொல்லி முடித்ததும் பெரிய வேலை ஒன்று முடிந்த மாதிரி மூச்சு விட்டான். வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பொற்கொடிக்குத் தெரியும்.

நரசிம்மலு நல்ல மனுசன். நல்ல மனுசன் என்பதால் சும்மா விடவில்லை. தன் மச்சினன் மகளுக்கு ஒன்பது வருசம் கழித்து உண்டானதைச் சொன்னார். எந்த ஊரில் எந்த வேரைக் கட்டுகிறார்கள், அதை எத்தனை நாள் பாலில் கலந்து குடிக்க வேண்டும் என்று சொன்னார். எந்தக் கோயிலில் தொட்டில் கட்ட வேண்டும், எந்தக் கிழமையில் போக வேண்டும் என்றார். கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள் என்றார். ரூபன் செரிங்க, செரிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இடது கையால் படிக்கட்டின் சிமெண்டைச் சுரண்டினான்.

"நான் கேட்கறனேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி," என்று நரசிம்மலு குரலைத் தணித்துக்கொண்டார். அவர் தணித்த குரலும் தெருவரைக்கும் கேட்டது. "கொறை யாருக்குங்க? ஊட்டுல அம்மணிக்குங்களா?"

ரூபன் போனைக் காதோடு பிடித்தபடி பொற்கொடியைப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஏழெட்டுப் பதில்கள் தயாராக இருந்தன. சிரித்துச் சொல்வது, மழுப்பிச் சொல்வது, பேச்சை மாற்றுவது என்று ஆளுக்குத் தகுந்தமாதிரி வைத்திருந்தாள். போனை வாங்கி அரை நிமிசத்தில் முடித்துக்கொடுப்பாள். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கை தானாகப் பாதி தூரம் நீண்டும் விட்டது.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளும் கேட்க வேண்டியிருந்தது.